பழம்புடவைப் போர்வை: துணி நழுவாமல் தைக்க வழி சொல்லுங்கள்

தையல் தெரிந்த அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறேன். அம்மாவின் பழைய நூல் புடவைகளை அடுக்கி, மேலே கூறைநாட்டுக் கட்டம் போட்ட புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, அக்கா குழந்தைக்குப் போர்வை தைக்கிறேன். பஞ்சு வைக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் துவைத்தால் பஞ்சுக்குள் ஈரம் தங்கி வாடை வந்துவிடும். புடவை அடுக்கு சீக்கிரம் காயும், கோடைக்கும் இதம்.

கால் மிஷினில் தைக்கும்போது அடித்துணியை ஊசிக்குக் கீழே இருக்கிற மிஷின் பல் இழுத்துக்கொண்டு போகிறது, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழுகிறது. 16-ம் நம்பர் ஊசி போட்டாச்சு. நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் ஓட்டுத்தையலும் போட்டாச்சு. துணியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்ததும் நூல் துணி அடங்கிவிட்டது. கூறைநாட்டுத் துணியில் பட்டும் கலந்திருப்பதால் அது மட்டும் வழுக்குகிறது. அதை விட மனசில்லை, அம்மா கல்யாணப் புடவை அது.

மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் பழைய கால் மிஷினில் பொருந்துமா? கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எந்தக் கடையில் கிடைக்கும்? தேரில் தொங்கவிடுகிற உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பை தைக்கிறவர்கள் யாராவது இருந்தால், ஒட்டுத்துணி நகராமல் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.