கையில் பாலன் இல்லாத அந்தோனியார்

குருநகரான்:
வணக்கம். எங்கள் வீட்டில் அப்பம்மா காலத்து அந்தோனியார் படம் ஒன்று தொங்குகிறது. கையில் பாலன் இயேசுவும் லீலி மலரும் உண்டு. அண்மையில் மார்ட்டின் ஷோன்கௌவர் என்பவரின் பழைய அச்சுப்படம் ஒன்றைக் கண்டேன். அதிலிருப்பவரும் அந்தோனியார்தான் என்கிறார்கள். ஆனால் தாடி வைத்த முதியவர் ஒருவரைப் பேய்கள் அந்தரத்தில் தூக்கி வைத்து இழுத்தும் அடித்தும் வதைக்கின்றன. இவர் நம்முடைய புனிதர்தானா? இது மரத்தில் செதுக்கி அச்சிட்டதா?

நல்லூர் வாசகர்:
இவர் வேறொருவர். கச்சதீவில் நாம் திருவிழாக் கொண்டாடுவது 1231இல் இறந்த பதுவை அந்தோனியாருக்கு. படத்திலிருப்பவரோ, அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முன்பு எகிப்தின் பாலைநிலத்தில் தவமிருந்தவர். சனவரி 17இல் நினைவுகூரப்படும் வனத்து அந்தோனியார். பேய்களை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பாருங்கள்: இத்தனை பிடுங்கலுக்கு நடுவிலும் அதில் ஒரு சலனமும் இல்லை. என் கணிப்பில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இளம் மைக்கலாஞ்சலோ இதைப் பார்த்து வண்ணத்தில் தீட்டினார் என்றும், பேய்களின் செதில் நிறத்துக்காக மீன்சந்தைக்குப் போய்வந்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார்.

பத்தர் மகன்:
மரம் அன்று, செம்புத் தகடு. மர அச்சில் கோடுகளை மேடாக நிறுத்திச் சுற்றியுள்ளதை வெட்டி எடுப்பார்கள். மை மேட்டில் ஏறும். இங்கே கோடே பள்ளம். கூருளியின் பிடியை உள்ளங்கையில் ஊன்றி முன்னே தள்ளச் செம்பு சுருளாக எழும். வளைகோடு வேண்டுமானால் உளியைவிடத் தகட்டைத்தான் திருப்புவார்கள். பின்பு மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். மோதிரத்தில் பெயர் வெட்டுகிற கைப்பழக்கம்தான் இது. ஷோன்கௌவரின் தந்தையும் பொற்கொல்லர் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. படத்தின் அடியிலுள்ள எம், எஸ் எழுத்துகளை அவர் தகட்டில் இடவலம் மாற்றி வெட்டியிருக்க வேண்டும். செம்பு மென்மையானதால் அச்சிட அச்சிடக் கோடுகள் தேயும். ஆகவே ஒரே படம் ஓரிடத்தில் கறுத்தும் வேறிடத்தில் வெளிறியும் கிடைக்கிறது.

நல்லூர் வாசகர்:
ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1492இல் ஷோன்கௌவரைக் காண அவருடைய ஊரான கோல்மாருக்குப் போனார். ஆனால் ஷோன்கௌவர் அதற்கு முந்திய ஆண்டே இறந்திருந்தார்.

குருநகரான்:
இருவருக்கும் நன்றி. படத்தைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன். கடலுக்குப் போகிறவர், புனிதரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பேயின் செதிலைப் பார்த்து எந்த மீன் என்றுதான் கேட்டார்.