பெர்லின்–தோஹா–சென்னை: கனெக்‌ஷன் மிஸ் ஆனா?

கேள்வி: டிசம்பர்ல ஊருக்கு வர்றோம், கூட அம்மா (வீல்சேர்), ரெண்டு வாண்டுங்க, தோஹால 1 மணி 20 நிமிஷந்தான் கேப், பெர்லின்லயே லேட் ஆச்சுன்னா என் கதி?

பதில் 1: ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல (புக்கிங் நம்பர்) இருக்கா பாருங்க, இருந்தா அடுத்ததுல ஏத்திவிடறது அவங்க பொறுப்பு, தனித்தனியா போட்டிருந்தா காசு கோவிந்தா!

பதில் 2: அதோட ஐரோப்பிய யூனியன்ல கிளம்புற எந்த ஏர்லைன்ஸுக்கும் 261/2004னு பயணிகள் நஷ்டஈடு ரூல் உண்டு, அவங்க கோளாறால சென்னைக்கு 4 மணி நேரத்துக்கு மேல லேட்டானா தலைக்கு 600 யூரோ கேக்கலாம், டிக்கெட் வாங்கின பசங்களுக்கும் சேர்த்துதான். பனின்னா நஷ்டஈடு கிடையாது, ஆனா சாப்பாடு, ஹோட்டல் குடுத்தே ஆகணும். அவங்க கோளாறா இருந்தும் வவுச்சரோட வந்து சமாதானப்படுத்துவாங்க பாருங்க, அதுக்காக 600ஐ விட்றாதீங்க.

பதில் 3: அம்மா மாத்திரை, பசங்க மாத்து டிரஸ் கைப்பையிலயே வைங்க, பெட்டி நடுவுல கைக்கு வராது. வீல்சேர் ஆள் வரவே நேரமாகும், முடிஞ்சா தோஹா–சென்னையை அடுத்த ஃப்ளைட்டுக்கு இப்பவே மாத்திடுங்க.