குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் போதவில்லை என்று அர்த்தம்

விடுமுறைக்கு அலங்காநல்லூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன். சித்தப்பா மகன் அடுத்த மாதம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்குப் போகிறான். வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதாம். "அண்ணே, தண்ணி பச்சையாயிட்டா ஷாக் போடணும்ங்கிறாங்களே, அப்படின்னா என்னண்ணே?" என்று கேட்டான். அவனைப் போல இன்னும் பல பேர் கிளம்புகிறீர்கள். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நாமெல்லாம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். தண்ணீரைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவோம். வீட்டுக் குளத்தில் அந்தக் கண் கணக்கு செல்லாது. அடித்தரை பளிச்சென்று தெரியும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். மூக்கையும் நம்பக் கூடாது. நான் அங்கே குடிபோன முதல் கோடையில் குளத்தில் மருந்து வாடை அடித்தது, மகளுக்குக் கண் சிவந்துவிட்டது. குளோரின் கூடிப்போச்சு என்று நினைத்து ஒரு வாரம் போடாமல் விட்டேன். குளம் பச்சையாகிவிட்டது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகும். அந்த வாடை அதனுடையது. கிருமியைக் கொல்லும் குளோரின் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதனால் முதலில் சோதனை, பிறகுதான் மருந்து. சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேல்தண்ணீரை எடுக்காமல் முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் குழாய்க்குத் தள்ளி எடுங்கள். தனிக் குளோரின் (எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.2 முதல் 7.6, பிஎச் தடுமாறாமல் பிடித்துவைக்கும் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் இருக்க வேண்டும். வெயிலில் குளோரின் வீணாகாமல் காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் வரை போதும். குளோரின் மாத்திரையே போட்டுக்கொண்டிருந்தால் இது ஏறிக்கொண்டே போகும். குறைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

பிஎச் முக்கியம். அது 8க்குப் போய்விட்டால் போட்ட குளோரினில் கால் பங்கு அளவுதான் வீரியமாக நிற்கும். ஆகவே முதலில் அதை இறக்குங்கள்.

இப்போது ஷாக், அதாவது ஒரே தடவையில் குளோரினை அதிகமாகப் போடுவது. மொத்தக் குளோரினில் தனிக் குளோரினைக் கழித்தால் மிஞ்சுவது சேர்ந்த குளோரின், அதாவது மேலே சொன்ன குளோரமைன். அது 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் ஷாக் போட வேண்டும், அதுவும் மிஞ்சியதைப் போல 10 மடங்கு. மொத்தம் 3, தனி 2 என்றால் மிச்சம் 1, அப்போது 10 பிபிஎம் ஏற்ற வேண்டும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளம் 48,000 லிட்டர் பிடிக்கும். அதற்குச் சுத்தக் குளோரின் 480 கிராம் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியானால் சுமார் 740 கிராம். பாதி அளவு போட்டால் வாடை போகாது, பணம்தான் போகும்.

ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடும் அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றுவார். அதே பக்குவம்தான் இங்கும். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து அதில் பொடியைப் போடுங்கள். பொடி மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. இந்தப் பொடியும் குளோரின் மாத்திரையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு. ஒவ்வொரு மருந்துக்கும் தனி வாளி, தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள், பகல் வெயில் குளோரினைத் தின்றுவிடும். ராத்திரி முழுக்க பம்ப் ஓடட்டும்.

கீழே கருத்துப் பகுதியில் ஒரு தங்கை, "ஷாக் போட்டுக் காலையில் பார்த்தால் குளோரினே இல்லை என்று காட்டுகிறது, இன்னும் போடவா?" என்று கேட்டிருக்கிறார். பொறும்மா. கிட்டில் இருக்கும் சோதனை மருந்தை விட்டதும் ஒரு கணம் ரோஸ் நிறம் வந்து உடனே வெளுத்ததா? அப்படியானால் குளோரின் எக்கச்சக்கமாக இருக்கிறது, அது சோதனை மருந்தின் நிறத்தையே வெளுக்க வைத்துவிடுகிறது. ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் நாலு பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து திரும்பப் பாருங்கள். வருவதை 5ஆல் பெருக்கினால் சரியான அளவு. அது 3க்கு இறங்கும்வரை பிள்ளைகளை விடாதீர்கள். குளத்து வேலியின் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா என்றும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.