மறு: 'பவர் டிஸிபேஷன்' தமிழில் என்ன? (அவசரம்)

அன்பர்களே,

ஆப்-ஆம்ப் (சமிக்ஞையைப் பெருக்கும் சில்லு) ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கரண்ட் லிமிட்' மின்னோட்ட வரம்பு ஆகிவிட்டது. மின்திறன் சூடாகி வெளியேறுவதைக் குறிக்கும் 'பவர் டிஸிபேஷன்'தான் இடிக்கிறது. பயிற்சி இதுதான்: ±15 வோல்ட்டில் ஓடும் 741 என்னும் ஆப்-ஆம்ப் சில்லின் வெளியீட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்தால் சுமார் 25 மில்லிஆம்பியர் பாயும். 15 × 25, அதாவது 375 மில்லிவாட்டும் சில்லுக்குள்ளேயே சூடாகிறது. வெப்பத்தடை வாட்டுக்கு 100 பாகை என்று கொண்டால் வெப்பநிலை 37 பாகைக்கு மேல் ஏறும். இதை 'வெப்பச் சிதறல்' எனலாமா?

---

> 'வெப்பச் சிதறல்' எனலாமா?

கூடாது. ஒளிச்சிதறல் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள்; அந்தச் சிதறல் வேறு. தமிழில் சூடு சிதறாது, ஆறும். 'ஆறுவது சினம்' நினைவிருக்கிறதல்லவா? ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. ஆகவே சில்லின் முதுகில் வைக்கும் உலோகத் தகடு சூடாற்றி. நிகழ்வு வெப்ப ஆற்றல். வழி என்னும் பொருள் தரும் ஆறும் இதே வேராக இருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். தணிவதும் ஒரு வழியே போவதுதானே? நீரோடும் ஆற்றை அடுத்த மடலில் பார்ப்போம்.

---

ஐயா, ஆற்றை அப்புறம் பார்க்கலாம். வெப்ப ஆற்றல் என்றால் மாணவர் அதை எனர்ஜி என்று எடுத்துக்கொண்டு ஜூலில் விடை எழுதுவார்! சூடாற்றி மட்டும் அருமை, எனக்குச் சம்மதம்.

சிக்கல் சொல்லில் மட்டும் இல்லை. சில்லுக்குள் வாட் கணக்கில் சூடு பிறப்பது ஒன்று. அது காற்றுக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று. வெப்பநிலை நிலைத்தபின் இரண்டும் சமம் என்பதால் ஆங்கிலம் ஒரே சொல்லில் ஒப்பேற்றுகிறது. சூடாற்றி வைத்தால் அந்த 375 மில்லிவாட் குறையும் என்று நினைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குறைவது வெப்பநிலைதான். எனவே உள்ளே திறன் இழப்பு, வெளியே வெப்ப வெளியேற்றம் என்று பிரித்தே எழுதுங்கள்.

'வரம்பு'ம் எனக்கு உறுத்துகிறது. 741இன் வெளியீட்டில் சுமார் 25 ஓம் மின்தடை ஒன்று உண்டு. அதன் குறுக்கே 0.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் விழுந்ததும் பக்கத்திலுள்ள டிரான்சிஸ்டர் விழித்து, வெளியீட்டு டிரான்சிஸ்டரை இயக்கும் பேஸ் மின்னோட்டத்தைத் திருப்பிக்கொள்ளும். சில்லு சூடேறினால் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைவிலேயே விழித்துக்கொள்ளும். 25 மில்லிஆம்பியரும் இறங்கும். வயல் வரம்பு இப்படி நகருமா? அந்தச் சுற்று செய்வது மட்டுப்படுத்தல். பயனர் தாண்டக்கூடாத அளவுக்கு மட்டும் வரம்பை வைத்துக்கொள்வோம்.

---

மட்டுப்படுத்தல் சரி. இழப்பை ஏற்கமாட்டேன். மின்சாரம் கடத்தும் கம்பித்தொடரில் போவது இழப்பு. இங்கே எதுவும் தொலையவில்லை, சில்லின் வயிற்றிலேயே கிடக்கிறது. 'திறன் வெப்பமாதல்' என்று நேராகச் சொல்லலாமே. நீளம் என்பீர்கள். பொருள் பிசகுவதற்கு நீளம் மேல்.

---

ஐயா, அட்டவணையில் அந்தக் கட்டத்தின் அகலம் இரண்டு சென்டிமீட்டர்.

இதுவரை வந்தவற்றில் திறன் இழப்புக்குத்தான் ஆதரவு அதிகம். அதையே போடுகிறேன், வெப்ப வெளியேற்றம், மட்டுப்படுத்தல், சூடாற்றி மூன்றும் உண்டு. முதல் முறை வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பும் சேர்த்துவிடுகிறேன்.

---

சூடாற்றிக்கு நன்றி. இழப்பு பிழைதான். மெய்ப்பு எப்போது வரும்?