புதுப்பிப்பு: நீளமுடிப் பூனையின் சிக்குக் கட்டிகள் நீங்கிய விதம்

எங்கள் பதினோரு வயதுப் பூனையின் வயிற்றிலும் முன்கால் அக்குளிலும் முடி சிக்குப்பிடித்துக் கட்டிபட்டிருப்பதையும், சீப்பைக் கண்டாலே அது சீறுவதையும் மூன்று வாரங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, சோளமாவைத் தூவி விரல்களால் பிரித்தபின், தோலை ஒட்டிய அடிமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து அகலப்பல் சீப்பால் சிறிது சிறிதாக வாரச் சொன்ன அக்காவின் யோசனைதான். அடியைப் பிடித்திருப்பதால் இழுப்பு தோலுக்குப் போவதில்லை. உண்டு முடித்துக் கண் சொருகும் நேரத்தில், நாளுக்கு ஐந்து நிமிடம் மட்டுமே செய்தேன். ஒன்பது நாட்களில் வயிறு சீரானது. நனைந்தால் கட்டி மேலும் இறுகும் என்று, குளிப்பாட்ட இருந்த என்னைத் தடுத்தவருக்குத் தனி நன்றி.

அக்குள் கட்டிகள் அசையவில்லை. பூனையின் மெல்லிய தோல் கட்டியோடு எழும்பி வரும் என்பதால் கத்தரிக்கோலைத் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன், அவர் மழித்துவிட்டார். எதிர்பாராத செய்தி அங்கேதான் கிடைத்தது: இடுப்பில் மூட்டுவாதம். சிக்குக்கு டர்பன் கோடையின் புழுக்கமே காரணம் என்று நான் நினைத்திருந்தேன். உடலைத் திருப்ப வலித்ததால்தான் அது தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டிருக்கிறது. இப்போது மருத்துவர் தந்த வலிமருந்தைக் கொடுக்கிறோம். நம் வீட்டுப் பாரசிட்டமாலை ஒருபோதும் கொடுக்காதீர்கள், அது பூனையின் உயிரைப் பறிக்கும். நேற்று மாலை அது தானாகவே முதுகை நக்கிக்கொண்டிருந்தது.