மறு: ‘ஒயின் டேஸ்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் இதுவரை வந்தவை: ‘மதுச் சுவைப்பு’, ‘திராட்சைரசம் பருகல்’, ‘மது அருந்து நிகழ்வு’, ‘சுவையாய்வு’. முதல் மூன்றிலும் ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. மூன்றும் குடிப்பதைச் சொல்கின்றன. ஒயின் ஆலைக்குப் போய் முறையாக டேஸ்டிங் செய்கிறவர் பெரும்பாலும் குடிப்பதில்லை, துப்பிவிடுகிறார். சொல்லைத் தேடுமுன் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாமே. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் தருவது வயிறு அகன்று வாய் குறுகிய தண்டுக் கிண்ணம். இதற்கென்றே 1977-இல் ஐஎஸ்ஓ 3591 என்ற பன்னாட்டுத் தரம் வந்தது. அந்தக் கிண்ணம் ஏறக்குறைய 215 மி.லி. கொள்ளும், ஊற்றுவதோ 50 மி.லி. மட்டும். மிச்ச இடமெல்லாம் மணத்துக்கு. தண்டைப் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து முதலில் நிறம் பார்ப்பார்கள். சிவப்பு ஒயினின் விளிம்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. அடுத்து கிண்ணத்தைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்வார்கள். அதன்பிறகுதான் வாய். ஒரு மிடறு எடுத்து நாக்கில் உருட்டி, உதட்டைக் குவித்து ‘சுர்’ரென்று கொஞ்சம் காற்றை உறிஞ்சுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்தக் காற்றுதான் ஆவியைத் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏற்றுகிறது. நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு அங்கே உணர்கிற மணம்தான். பிறகு துப்பிவிட்டு, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காத்திருப்பார்கள்.

ஆக, இது தரம் பார்க்கிற வேலை. என் பரிந்துரை: சுவைநோட்டம். செய்பவர் சுவைநோட்டர்.

நோட்டம் என்பது காசு நல்லதா கள்ளமா என்று பார்க்கும் தொழிலுக்கு இருந்த பழைய சொல். நோட்டக்காரர் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பார், உரசிப் பார்ப்பார், தரம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் அந்தக் காசைச் செலவழிப்பதில்லை. டேஸ்டிங்கில் துப்புகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எனக்குத் தெரியவில்லை.

> நோட்டம் என்றாலே திருடன் வீட்டை நோட்டம் விடுவதுதானே நினைவுக்கு வருகிறது?

வரட்டும் ஐயா. நோட்டம் விடுவது வேறு, நோட்டம் பார்ப்பது வேறு. தவிர, பீப்பாயிலிருந்து மாதிரி எடுக்கிற கண்ணாடிக் குழாயை ஆங்கிலத்தில் ‘ஒயின் தீஃப்’ என்றே சொல்கிறார்கள். திருடன் ஏற்கெனவே ஆலைக்குள்தான் இருக்கிறான்! அதைத் தமிழில் ‘மாதிரிக்குழல்’ என்றால் போதும். திருடனை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

> ‘சுவையாய்வு’ ஏற்கெனவே புழங்குகிறதே, போதாதா?

ஆய்வு என்றதும் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. ஆலையில் அதுவும் தனியாக நடக்கிறது. ஆல்கஹால் விழுக்காடு, அமிலம், மிச்சச் சர்க்கரை எல்லாவற்றையும் கருவி வைத்து அளக்கிறார்கள். கண், மூக்கு, நாக்கை வைத்துச் செய்வதற்கு நியாயமாகப் பார்த்தால் ‘புலனாய்வு’தான் கச்சிதமான சொல். காவல்துறை முந்திக்கொண்டது.

ஒயினுக்கு ‘தேறல்’ என்று எழுதிய அம்மாவுக்கு: ஆசையாகத்தான் இருக்கிறது. புறநானூறு 56-இல் யவனர் நன்கலத்தில் தந்த ‘தண்கமழ் தேறல்’ வருகிறது. தேறுதல் என்றால் தெளிதல். நொதித்து முடிந்த ஒயினை அடி மண்டி கலங்காமல் வேறு கலத்துக்கு மாற்றித் தெளியவைப்பதோடு அழகாகப் பொருந்துகிறது. (அப்படி மாற்றுவதற்கு ‘இறுத்தல்’, அடியில் தங்குவதற்கு ‘மண்டி’. இரண்டுக்கும் புதுச்சொல் வேண்டவே வேண்டாம்.) ஆனால் தேறல் என்றால் திராட்சை என்று யாருக்கும் விளங்காது. தலைச்சொல் ஒயினாகவே இருக்கட்டும்.

உண்மையில் நாம் நேரம் செலவிட வேண்டிய இடம் மணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபிள் 1984-இல் ஒயின் மணங்களை வட்டமாக வகைப்படுத்தி ‘அரோமா வீல்’ வெளியிட்டார். ‘மணச்சக்கரம்’ எனலாம். அதைத் தமிழாக்க உட்காருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ‘மணம்’ என்று ஒட்டிக்கொண்டே போய்விடக் கூடாது. நம்மிடம் மணம், வாசம், நெடி, வாடை, வீச்சம் என்று படிப்படியாக இருக்கிறது. ஓக் பீப்பாய் தருகிற வனிலா, மணம். கந்தக டை ஆக்சைடு கூடிப்போனால் தீக்குச்சி உரசியதுபோல மூக்கில் ஏறுவது, நெடி. ஒயின் கெட்டு அசிட்டிக் அமிலமாகத் திரும்பினால் வருவதும் நெடிதான், காடி நெடி. புட்டித் தக்கையில் டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி போல வருவது, வாடை. அதற்குத் ‘தக்கைவாடை’ என்று வைக்கலாம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்கு பிடித்துவிடும். ‘தக்கைவாடை’ என்று சொன்ன மாத்திரத்தில் அது குறை என்பது புரிந்துவிடுகிறது. ‘தக்கை மணம்’ என்று எழுதினால் ஏதோ சிறப்புப் போல இருக்கும்.

அடுத்து டானின். வேதிப்பொருளுக்கு டானின் என்ற பெயரே போதும். அது தருகிற உணர்வுக்குத்தான் சொல் கேட்கிறார்கள், அது நம் அறுசுவைப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கிறது: துவர்ப்பு. திராட்சைத் தோல், விதை, காம்பு, ஓக் பீப்பாய் இவற்றிலிருந்து வருகிற டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்ள, வாயின் வழுவழுப்பு போய் ஈறும் கன்னமும் இழுத்துப்பிடிக்கின்றன. தோலோடு நொதிக்கவிடுகிற சிவப்பு ஒயினில் இது தூக்கலாக இருக்கும். சாற்றை முதலிலேயே பிழிந்தெடுக்கிற வெள்ளையில் குறைவு. இதைக் ‘கசப்பு’ என்று எழுதிய கட்டுரைகள் சில கண்ணில் பட்டன. தயவுசெய்து வேண்டாம். கசப்பு நாக்கில், துவர்ப்பு வாய் முழுக்க.

‘டிரை ஒயின்’ என்பதற்கு ‘உலர் ஒயின்’ என்று வந்திருக்கிறது. திரவம் எப்படி உலரும்? சர்க்கரையை ஈஸ்ட் அநேகமாகத் தின்று தீர்த்துவிட்டது என்பதே பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதியில் லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம், புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 வரை. ‘இனிப்பற்ற’ என்று எழுதுவோம். துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் படிப்பவர் குழம்பமாட்டார்.

கிண்ணத்தைச் சுழற்றியபின் உள்சுவரில் வழிகிற கோடுகளை ஆங்கிலத்தில் ‘கால்கள்’ என்றும் ‘கண்ணீர்’ என்றும் சொல்கிறார்கள். தமிழில் ‘தாரை’ போதும், கண்ணீரும் அதற்குள்ளேயே இருக்கிறது. சுவரில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து ஆல்கஹால் முதலில் ஆவியாகிறது. அங்கே பரப்பு இழுவிசை கூடி, கீழிருந்து திரவத்தை மேலே இழுக்கிறது. கனத்ததும் துளியாக இறங்குகிறது. ஜேம்ஸ் தாம்சன் 1855-இலேயே இதை விளக்கினார், பெயர் என்னவோ மாரங்கோனி விளைவு என்று நிலைத்துவிட்டது. தாரை தடித்திருந்தால் உயர்ந்த ஒயின் என்று ஆலைக்கு வருகிறவர்கள் தலையாட்டுவதுண்டு. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆல்கஹால் எவ்வளவு என்பதைத்தான் அது ஓரளவு காட்டும்.

துப்புகிற கலத்துக்குப் ‘படிக்கம்’ இருக்க, ‘உமிழ்கலம்’ எதற்கு? எச்சில் பணிக்கம் என்று பேச்சிலும் கேட்டிருப்பீர்கள்.

எனக்குத் தீராமல் நிற்பது ‘பாடி’ ஒன்றுதான். வாயில் ஒயின் எவ்வளவு நிறைவாக உணரப்படுகிறது என்பது அது; ஆல்கஹால், சர்க்கரை, கரைந்திருக்கிற மற்ற பொருள்கள் எல்லாம் சேர்ந்து தருவது. ‘உடல்’ கூடவே கூடாது. ‘கொழுமை’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாய்க்கொழுப்பு என்று கிண்டல் கிளம்பும். இப்போதைக்கு என் சொற்பட்டியலில் ‘கனம்’ என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.