ஒரே மினி-வைட், மூன்று கண் நிறம்: செருகின இடம்தான் காரணமா?

கேள்வி

வணக்கம். டபிள்யூ1118 (வைட் மரபணு செயலிழந்த, வெள்ளைக் கண்) பின்னணியில் ஒரே பி-தனிமத்தை (குரோமோசோமில் தாவி அமரும் டிஎன்ஏ துண்டு) வெவ்வேறு இடங்களில் செருகி எடுத்த மூன்று டிரோசோஃபிலா (பழ ஈ) ஸ்டாக்குகள் இருக்கின்றன. குறி மரபணு மினி-வைட், அதாவது கண்ணுக்குச் சிவப்பு தரும் வைட் மரபணுவின் சுருக்க வடிவம். ‘அ’வில் கண் முழுச் சிவப்பு. ‘ஆ’வில் வெளிர்மஞ்சள் கண்ணில் சிவப்புத் திட்டுகள். ‘இ’யிலும் திட்டுகள்தான், மங்கலாக. மூன்றின் பெண் ஈக்களையும் சு(வார்)2-5 (மரபணுக்களை அடைத்து வைக்கும் எச்பி1ஏ புரதத்தின் மரபணு) சடுதிமாற்ற ஆண்களோடு கிராஸ் செய்தபோது, மகன்களில் ‘ஆ’ நன்றாகச் சிவந்தது, ‘இ’ அசையவில்லை. எச்பி1ஏ பாதியாகக் குறைந்தும் ‘இ’ ஏன் திறக்கவில்லை? இன்னொரு குழப்பம்: மினி-வைட்டே இல்லாத கட்டுப்பாட்டுக் கிராஸிலும் மகள்களின் கண்ணில் நிறம் வருகிறது. டிஎன்ஏ மாசு கலந்துவிட்டதா?

பதில் 1

மாசு இல்லை. சு(வார்) ஸ்டாக்குகள் பெரும்பாலும் டபிள்யூ-எம்4எச் என்ற, ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிய எக்ஸ் குரோமோசோமோடுதான் பராமரிக்கப்படுகின்றன. அந்தத் தலைகீழ்த் திருப்பத்தில் வைட் மரபணு சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) ஒட்டிய ஹெட்டிரோகுரோமாட்டின் (இறுக்கமாகச் சுருண்டு அடைபட்ட டிஎன்ஏ) பக்கம் போய்விட்டது. தகப்பனின் எக்ஸ் மகள்களுக்குத்தான் போகும், அதனால் அவர்களின் கண்ணில் தெரிவது உங்கள் செருகல் அல்ல. மகன்களுக்குத் தாயின் டபிள்யூ1118 எக்ஸ் வருவதால் மகன்களை மட்டும் எண்ணுங்கள். கிராஸை எதிர்த்திசையில் போட்டால் மகன்களும் கெட்டுவிடுவார்கள். ஒப்பீடும் உடன்பிறப்புகளுக்குள்ளேயே இருக்கட்டும்: சு(வார்)2-5 பெற்ற மகன், அதற்குப் பதிலாக சைஓ பேலன்சர் (ஸ்டாக்கில் சடுதிமாற்றத்துக்கு ஜோடியாக வைக்கும் குரோமோசோம்) பெற்ற மகன். சைஓவில் மினி-வைட் குறியோடு ஜிஎஃப்பி (பச்சை ஒளிர் புரதம்) ஏற்றிய வகைகளும் உண்டு. அப்படிப்பட்ட சைஓ இருந்தால் இந்த ஒப்பீடே செல்லாது.

‘ஆ’வைப் பொறுத்தவரை நடப்பது தெளிவு. சு(வார்)3-9 நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3இன் 9ஆம் லைசினில் மெத்தைல் ஏற்றுகிறது. எச்பி1ஏ தன் குரோமோ பகுதியால் அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் இன்னும் நொதியை இழுத்து வருகிறது. பக்கத்து நியூக்ளியோசோமுக்கும் (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டிஎன்ஏ உருண்டை) குறி ஏற, அடைப்பு நீள்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். ஒரு செல்லில் விழுந்த நிலை அதன் வழித்தோன்றல்களிலும் பெரும்பாலும் தொடரும். திட்டுகள் அதனால்தான். மரபணு சேதமடையவில்லை. 1930இல் முல்லர் எக்ஸ் கதிரால் உண்டாக்கிய திட்டுக்கண் ஈக்களிலும் வைட் மரபணு சேதப்படவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

பதில் 2

‘இ’க்கு என் முதல் சந்தேகம் டெலோமியர், அதாவது குரோமோசோம் முனை. டிரோசோஃபிலாவின் குரோமோசோம் முனைகளில் ஹெட்-ஏ போன்ற தாவு தனிமங்களும், அவற்றுக்கு உள்பக்கம் டாஸ் என்ற தொடர்மீள் வரிசைகளும் உள்ளன. அந்த வரிசைகளுக்குள் விழுந்த மினி-வைட்டும் திட்டாகத்தான் தெரியும், ஆனால் அங்கே அடைப்பது வேறு இயந்திரம். சு(வார்)2-5 பொதுவாக அதைத் தளர்த்தாது. பாலிகோம்ப் குழு (மரபணுக்களை அடைத்து வைக்கும் இன்னொரு புரதக் குழு) மரபணுக்களின் சடுதிமாற்றங்கள் தளர்த்தும். வெளியே ஒரே மாதிரித் திட்டு, உள்ளே இரண்டு வேறு பொட்டலங்கள். எல்லாத் திட்டையும் எச்பி1ஏ கணக்கில் எழுதுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

நான்காம் குரோமோசோமையும் யோசிக்கலாம், அங்கும் செருகல் திட்டாகத் தெரியலாம், ஆனால் அந்த அடைப்புக்கு எச்பி1ஏ தேவை. மெத்தைல் ஏற்றும் பெரும்பங்கு சு(வார்)3-9க்குப் பதிலாக செட்டிபி1 என்ற இன்னொரு நொதிக்கு. ‘இ’ சு(வார்)2-5க்கு அசையவில்லை என்பதால் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறேன்.

ஊகத்தோடு நிற்காதீர்கள், இன்வெர்ஸ் பிசிஆர் (செருகலை ஒட்டிய டிஎன்ஏவைப் பெருக்கி அதன் இடத்தைக் கண்டறியும் முறை) போடுங்கள். நான்கு எழுத்துத் தளத்தை வெட்டும் நொதியால் (சௌ3ஏ1 போல) மரபணுத்தொகை டிஎன்ஏவை வெட்டி, சுமார் 400 மைக்ரோலிட்டர் நீர்த்த கரைசலில் 4 டிகிரியில் இரவு முழுக்க லைகேஸோடு (டிஎன்ஏ முனைகளை ஒட்டும் நொதி) வையுங்கள். நீர்த்தால்தான் துண்டு தன் முனைகளையே சேர்த்து வளையமாகும். கெட்டியாக வைத்தால் அந்நியத் துண்டுகள் ஒட்டித் தவறான முகவரி வரும். பிறகு பி-தனிமத்தின் முனையிலிருந்து வெளிநோக்கிய பிரைமர்களால் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பெருக்கி, வரிசையைப் படியுங்கள். வரிசை பல இடங்களில் ஒரே அளவு பொருந்தினால் மீள்வரிசைக்குள் இருக்கிறீர்கள். அப்போது மூன்றாம் நிலைப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பாலிடீன் (பல பிரதிகள் சேர்ந்து தடித்த) குரோமோசோம்களை எடுத்து இன்-சிட்டு (செருகல் இருக்கும் இடத்தைக் குறியிட்டுக் காட்டும் முறை) செய்தால் முனையா, குரோமோசென்டரா (சென்ட்ரோமியர்ப் பகுதிகள் ஒன்றுசேரும் இடம்) என்று தெரியும். குரோமோசென்டர் டிஎன்ஏ அங்கே குறைவாகவே பெருகுவதால் சமிக்ஞை மங்கும். மங்கல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில் 3

அதற்கும் முன் செலவில்லாத இரண்டு சோதனைகள். ‘இ’ ஈக்களில் குட்டை முள்மயிர் (ஸ்டபிள்) தென்படுகிறதா பாருங்கள். டெல்டா 2-3 டிரான்ஸ்போசேஸ் (பி-தனிமத்தைத் தாவவைக்கும் நொதி) அந்தக் குறியோடு ஒட்டி ஸ்டாக்கில் தங்கியிருந்தால், செருகல் உடற்செல்களில் வெளியேறியும் திட்டு வரும். அடுத்து, ஒத்த இரு பிரதி உள்ள ஈயின் கண் ஒற்றைப் பிரதி ஈயைவிட வெளிறியிருந்தால், செருகின கட்டமைப்பிலேயே பாலிகோம்ப் பதில்தனிமம் (பாலிகோம்ப் புரதங்கள் வந்து அமரும் டிஎன்ஏ துண்டு) இருக்கலாம். அதுவும் சு(வார்)2-5க்கு மசியாது.

நிறத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட வேண்டாம். வெளிவந்து 3 முதல் 5 நாளான ஒரே பால் ஈக்கள், 10 தலைகள், 0.1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த 0.5 மில்லி மெத்தனாலில் நசுக்கி, 50 டிகிரியில் 5 நிமிடம், சுழற்றித் தெளிநீரை 480 நானோமீட்டரில் அளவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொகுதியாவது வேண்டும். வெற்று அளவுக்கு டபிள்யூ1118 தலைகள். வயது கலந்தால் அளவு வீண், ஏனெனில் மினி-வைட் கண் நாளாக நாளாகக் கருக்கும்.

வளர்ப்பு வெப்பநிலையும் ஒன்றாக இருக்கட்டும். ‘ஆ’ போன்றவை 18 டிகிரியில் பொதுவாக இன்னும் வெளிறும், 29இல் சிவக்கும். ஒரு குப்பி அலமாரியிலும் மற்றது இன்குபேட்டரிலும் இருந்தால், சடுதிமாற்றத்தின் விளைவென்று நீங்கள் எழுதுவது வெறும் வெப்பநிலை வேறுபாடாக இருக்கக்கூடும்.

கேட்டவர்

நன்றி. ஸ்டபிள் இல்லை. ‘இ’யின் இரட்டைப் பிரதி ஈக்கள் ஒற்றையைவிட அடர்த்தியாகத்தான் இருக்கின்றன. பேலன்சர் பழைய சாதா சைஓ. இன்வெர்ஸ் பிசிஆரோடு பாலிகோம்ப் குழுக் கிராஸையும் சேர்த்தே போடுகிறேன்.